அக்கா கேட்ட பத்து நாட்கள்

அக்கா இல்லாத முதல் வருடம் இன்றுடன் முடிகிறது.

மன்னாரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பாவின் குடியால் எங்கள் வீட்டில் பல நாட்கள் அடுப்பு எரியவில்லை. பள்ளிக்கூடத்தை இடையில் நிறுத்தி, தையல் தைத்து எங்களை வளர்த்தவர் அக்காதான். போரில் அத்தானை இழந்தபின் இலண்டனுக்கு வந்தார். அங்கே தோர்ண்டன் ஹீத்தில் எங்களோடு இருந்துகொண்டு, வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார்.

ஐம்பத்திரண்டு வயதில், இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையிலுள்ள திராட்சைத் தோட்டமொன்றுக்குப் பழம் பறிக்கப் போனவர், அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார். சிவப்பு வைன் செய்யும் தோட்டம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா குடிச்சு எங்களைப் படுத்தின பாடு மறந்துபோச்சோ அக்கா?" என்று கத்தினேன்.

"மறக்கேல்லை தம்பி. அதுக்கு முந்திரிகைக் கொடி என்ன செய்யும்?" என்றார்.

இரண்டு வருடங்கள் நான் அவரோடு பேசவில்லை.

இரண்டாம் வருடத்துக் கோடை குளிர்ந்துபோனது. கறுப்புப் பழங்கள் சிவப்பு வைனுக்குப் போதுமானளவு பழுக்கவில்லை. மழைக்கு முன் எல்லாவற்றையும் பறித்து ரோசா நிற வைனாக்க, தோட்டத்துச் சொந்தக்கார அம்மையார் முடிவெடுத்தார். பழுத்துவிட்டதா என்றறியத் தினமும் பழத்தின் விதையைக் கடித்துப் பார்த்துவந்த அக்கா, கடலைப் பார்த்த சரிவுக்கு மட்டும் பத்து நாட்கள் கேட்டார். அங்கே காற்று ஈரத்தை உலர்த்திவிடும், பழம் அழுகாது என்றார். அம்மையார் ஒப்புக்கொண்டார். மற்ற இடங்களில் அறுவடை முடிந்து, வேலையாட்கள் போய்விட்டார்கள். ஒன்பதாம் நாள் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, விதை மண்ணிறமாயிட்டுது, பழம் பழுத்திட்டுது. நாளைக்குப் பின்னேரம் பெருமழையாம். பறிக்க ஆக்கள் காணாது. வர ஏலுமோ?"

"வாறன் அக்கா" என்றேன்.

மறுநாள் விடியவே மனைவி பிள்ளைகளுடன் போனேன். கடற்காற்றில் விரல்கள் விறைக்க, அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் நின்று பறித்தேன். கடைசிக் கூடையை உள்ளே வைத்தபோது மழை தொடங்கியது.

அந்தச் சிவப்பு வைன் ஒரு வருடம் பீப்பாயில் இருந்தது. போத்தலில் அடைத்த நாட்களில் அக்கா புற்றுநோயுடன் படுக்கையில் இருந்தார். அம்மையார் முதற் போத்தலைக் கொண்டுவந்தார். அக்கா ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு குவளையை என்னிடம் நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் நாக்கை நனைத்தேன்.

"எப்பிடியடா?"

"புளிக்குது அக்கா."

"ஓம், குளிர் இடத்துப் பழம். ஆனா இது பழுத்த புளிப்பு" என்று சிரித்தார்.

பதினொரு நாட்களின் பின் எங்களைப் பிரிந்தார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், இறுதித் திருப்பலியை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், தோட்டத்தைப் பூட்டிவிட்டு வந்து அக்காவின் பெட்டியைத் தோளில் சுமந்த அம்மையாருக்கும் வேலையாட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. நான் கேட்கும்படி அவரும் வைக்கவில்லை. அந்த இரண்டு வருடங்களுக்காக, இதை வாசிக்கும் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இன்று கேட்கிறேன்.

கடைசித் தம்பி