தண்ணீர் குடிக்கப் போன தலைவர்

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் கபடிக் குழுவின் கமிட்டி கூடும். அப்பா தலைவர், எதிர்வீட்டு மாமா செயலாளர், டீக்கடை மாமா பொருளாளர். பொழுது சாயும் நேரம், பகல் வெயில் ஏறிய தரை முதுகுக்கு இதமாக இருக்கும். நான் ஓரமாக மல்லாந்து படுத்து, விளக்கை மினுக்கிக்கொண்டு இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவர்கள் சரி என்ற பிறகுதான் அவை இறங்குகின்றன என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அவ்வளவு மிடுக்கு அந்தப் பேச்சில்!

கமிட்டியில் ஒரு சட்டம் உண்டு, அப்பாவே போட்டது. கமிட்டியில் இருப்பவரின் சொந்தக்காரன் பேர் வந்தால், அவர் எழுந்து கீழே போய்விட வேண்டும். பொங்கல் இறுதி ஆட்டத்துக்கு ஆள் பொறுக்கிய அன்று சித்தப்பாவின் பேர் வந்தது. அந்த ஆட்டத்தைப் பார்க்க அரசாங்க அணிக்கு ஆள் எடுப்பவர் வருகிறார், அவர் கண்ணில் பட்டால் வேலை நிச்சயம் என்று சித்தப்பா சோறு தண்ணி மறந்து பழகிக்கொண்டிருந்தார். ரெய்டு போக அவரை விட்டால் ஆளும் கிடையாது. அப்பா நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க இறங்கிப் போனார்.

“ஒரு வார்த்த சொல்லாமப் போறாரே, என்னண்ணே?” என்றார் பொருளாளர்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “தம்பிக்குச் சலுகை காட்டுனாருன்னு ஊரு பேசும்ல? வேணாம்னு அவரு வாயால எப்படிச் சொல்லுவாரு? நாமதான்யா புரிஞ்சுக்கணும்.”

இருவரும் வெகுநேரம் வருத்தப்பட்டார்கள். பிறகு மனசே இல்லாமல் சித்தப்பாவை நீக்கிவிட்டார்கள். எனக்கு எல்லாம் அரைத் தூக்கத்தில் எங்கோ தூரத்தில் கேட்டது.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

“உங்க மனசு எங்களுக்குத் தெரியாதாண்ணே?” என்றார் செயலாளர். “தம்பி இந்தவாட்டி வேணாம்.”

அப்பாவின் முகம் செத்துப்போனது. தான் போட்ட சட்டம், தனக்கே வாய் திறக்க வழியில்லை. “கமிட்டி முடிவுன்னா சரிதான்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை சித்தப்பா வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“எந்தப் பய என் பேர அடிச்சது? சொல்லுங்கண்ணே, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்.”

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். “நாந்தாண்டா.”

சித்தப்பா வந்த வழியே திரும்பி நடந்தார். பொங்கலுக்கு முன்பே திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். அண்ணன் தம்பி பேச்சு பல வருஷம் நின்றுபோனது.

எனக்கானால் அப்பா மேல் அப்படி ஓர் ஆத்திரம். அடுப்படியில் சொம்பும் கையுமாக நின்ற மனுஷன், மாடியில்கூட இல்லாதவர், ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்? தலைவர் என்றால் அதுதான் வேலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.