கூட்டினால் எட்டு வரும் கார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாலையோரப் பழைய கார் கடை ஒன்றில் நின்றபடி மனசுக்குள் ஒரு கூட்டல் கணக்குப் போட்டேன். ஒன்று, நாலு, எட்டு, நாலு. மொத்தம் பதினேழு. ஒன்றையும் ஏழையும் கூட்டினால்… எட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். காருக்கு அந்தப் பக்கம் என் கணவர் அந்தோணி. அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். எண் கணிதம், ராசி, ராகு காலம் எதிலும் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது. மூன்று தலைமுறையாகவே கிடையாது. ஆனால் சும்மா கூட்டிப் பார்ப்பதில் என்ன தப்பு? அதுவும் நான் தமிழ்ப்பள்ளியில் கணக்கு டீச்சர். எண்ணைப் பார்த்தால் கூட்டாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் மகள் ஷெரினுக்கு இருபது வயது. கார் லைசன்ஸ் டெஸ்டை மூன்றாவது முயற்சியில் பாஸ் செய்தாள். முதல் இரண்டு முறையும் பார்க்கிங்கில் கம்பத்தை இடித்துவிட்டாள். கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

லைசன்ஸ் வந்த கையோடு வேலையும் வந்தது. கெலாங் பாத்தாவில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் அலுவலக வேலை. படிப்பை முடித்து ஒரு வருடமாக அவள் விண்ணப்பம் போடாத இடமில்லை. பாதி இடங்களிலிருந்து 'இல்லை' என்றுகூடப் பதில் வரவில்லை. அதனால் இந்த அழைப்பு வந்த அன்று, சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அடுப்பில் இருந்த கறி தீய்ந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. சொந்த வாகனம் வேண்டும். நாங்கள் இருப்பது மாசாயில். ஜொகூரை அறிந்தவர்களுக்கு இது போதும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மாசாய் ஒரு கோடி, கெலாங் பாத்தா மறு கோடி. பஸ்ஸை நம்பிப் போனால் காலை எட்டு மணி வேலைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேரலாம். என் கார் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும். அந்தோணியோ மோட்டார் சைக்கிளில் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறவர். அடுத்த மாதம் முதல் திங்கள் வேலையில் சேர வேண்டும், முடியாவிட்டால் இப்போதே சொல்லுங்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். ஆக, கார் இல்லையென்றால் வேலை இல்லை.

சரி, மலிவாக, வழியில் நிற்காமல் ஓடுகிற ஒரு பழைய கார் வாங்கலாம் என்று முடிவெடுத்தோம். அவ்வளவுதான்… ஊரே ஆலோசனை சொல்லக் கிளம்பிவிட்டது.

நம் ஊரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட இத்தனை பேர் வாய் திறப்பதில்லை. பெரிய காராக வாங்கு, சின்னது நசுங்கிவிடும் என்றார் ஒருவர். சின்னதாக வாங்கு, பெரியது அடங்காது என்றார் இன்னொருவர். பூசை முடிந்து கோவில் வாசலில் என்னை மடக்கிய ஒரு அண்ணன், தன் நண்பரிடம் ஒரு ஜெர்மன் கார் அடிமாட்டு விலைக்கு இருப்பதாகச் சொன்னார். அப்படியென்றால் நண்பர் ஏன் விற்கிறார் என்று கேட்டேன். அதற்கு ஒரு சாமான் மாற்ற வேண்டுமாம். அந்தச் சாமானின் விலைக்கு இன்னொரு கார் வாங்கலாமாம். அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

எல்லோரும் கடைசியில் வந்து நின்றது என்னவோ ஒரே காரில்தான். பெயர் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் முதல் கார் என்றால் அந்த உள்ளூர்க் குட்டிக் கார்தான், உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் எதிர்வீட்டில் ஒன்று நிற்கும்.

கார் பார்க்கப் போனோம். அதில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். ஜொகூரில் விற்பனைக்கு நிற்கும் பழைய கார் எல்லாமே ஒரு பெண் டீச்சர் ஓட்டியதாம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு, வேறு எங்கேயும் போகாத டீச்சராம். எந்தக் கடைக்குப் போனாலும் இதையே சொல்கிறார்கள். நானும் டீச்சர்தான் என்றேன் ஒருவரிடம். வெளியே நின்ற என் காரை அவர் ஒரு பார்வை பார்த்தார். இடது பக்கக் கண்ணாடி செலோடேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அவர் டீச்சர் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தோணியின் முறை வேறு. கார் கதவைத் திறந்ததும் உள்ளே தலையை விட்டு மோப்பம் பிடிப்பார். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்பவர்கள் உண்டு. கம்பளத்துக்கு அடியில் சேற்று வாடை போகாது என்று சிங்கப்பூரில் கூட வேலை செய்யும் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் நாலு வாரமாக எந்தக் காரிலும் அவருக்கு ஏதோ ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது. ஒன்றில் எண்ணெய் வாடை. ஒன்றில் பூனை வாடை. ஒரு காரில் டுரியான் பழ வாடை என்று நிராகரித்தார். வீட்டில் டுரியானுக்கு முதல் ஆளாக உட்காருகிறவர் அவர்தான்.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷெரின் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமைக் கார். வெள்ளி நிறம், ஆட்டோ கியர், கைக்கு அடக்கம். அந்தோணி மோந்தார், வாடை இல்லை. பெல்ட்டை இழுத்தார்; கறை இல்லை. எங்களோடு வந்த மெக்கானிக் என்ஜினைத் திறந்து பார்த்து, லிஃப்டில் ஏற்றி அடியிலும் பார்த்துவிட்டு, தைரியமாக வாங்கலாம் என்றார். ஷெரின் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

விலையைக் கேட்டோம். மற்ற கடைகளைவிட ரொம்பவே குறைவு. அந்தோணியின் புருவம் ஏறியது. நல்ல காருக்கு ஏன் இந்த விலை? கடை முதலாளி, இங்கே தவுக்கே என்போம், ஒரு வயதான சீனர், நல்ல மனுஷர். மழுப்பாமல் நம்பர் பிளேட்டைக் காட்டி மலாயில் விளக்கினார். இரண்டு நாலு இருப்பதால் சீனர்கள் யாரும் இதைத் தொடமாட்டார்களாம். அது எனக்கும் தெரியும், சீனத்தில் நாலு என்றால் சாவு போல ஒலிக்கும். கட்டட லிஃப்டிலேயே நாலாவது மாடியை 3A ஆக்கிவிட்ட ஊர் இது. ஆனால் தவுக்கே அதோடு நிறுத்தவில்லை. "உங்க ஆளுங்க வருவாங்க, நம்பரைப் பார்ப்பாங்க, கொஞ்ச நேரம் பேசாம நிப்பாங்க. அப்புறம் யோசிச்சுச் சொல்றோம்னு போயிடுவாங்க. ஏன்னுதான் எனக்குப் புரியல" என்றார்.

அப்போதுதான் நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

எட்டு சனியின் எண். தடங்கல், தாமதம், விபத்து. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் விவரம் முழுசாகத் தெரிந்திருக்கிறது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.

"யோசிச்சுச் சொல்றோம் தவுக்கே" என்றார் அந்தோணி.

தவுக்கே பெருமூச்சு விட்டார். மறுநாள் மாலை ஒரு மலாய் அம்மா மகனோடு பார்க்க வருவதாகவும், அதற்குள் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டார். ஷெரின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் மேரி அண்ணி வீட்டுக்கு வந்தார். அந்தோணியின் அக்கா. எங்கள் பங்குக் கோவிலில் ஜெபமாலையை வழிநடத்துகிறவர். பக்தி உள்ளவர், தெளிவாகப் பேசுவார் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். காரைப் பற்றி எல்லாம் கேட்டார். தலையாட்டினார். கடைசியில் நம்பரைச் சொன்னேன். அண்ணியின் விரல்கள் மடியில் மெதுவாக மடங்கி விரிந்தன. ஜெபமாலை உருட்டுகிற அதே விரல்கள்.

"வேணாம் அந்தோணி. இதெல்லாம் நம்ம நம்புறதில்ல… ஆனா எட்டு வேணாம்."

அந்தோணி முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பெரியவர்களே சொல்லிவிட்டார்கள், இனி நான் என்ன செய்ய என்கிற நிம்மதி. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் எனக்கும் அதே நிம்மதிதான். எண்ணெய், பூனை, டுரியான், இப்போது எட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்காமல் இருந்தது எந்தக் காரும் இல்லை. லாரிகளுக்கு நடுவே அந்த நெடுஞ்சாலையில் அவள் தனியாகப் போவதுதான்.

ஷெரின் அறைக்குள்ளிருந்து வந்தாள். அழுத முகம். ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"ப்பா, நான் எந்தத் தேதியில பொறந்தேன்?"

"பதினேழு" என்றார் அந்தோணி.

"கூட்டுங்க."

அண்ணியின் விரல்கள் மறுபடியும் மடங்கின; எட்டில் வந்து நின்றன.

"இருபது வருஷமா இந்த எட்ட வீட்டுல வச்சிருக்கீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள். "எனக்கு இந்த வேலை வேணும்ப்பா. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. நம்பர் மேல போடாதீங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கணக்கு டீச்சர், ஆனால் என் மகள் பிறந்த தேதியை ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. அவள் பிறந்த அன்று நாங்கள் எண்ணிப் பார்த்ததெல்லாம் அவள் கைவிரலும் கால்விரலும்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்தோணி திரும்பத் திரும்ப எண்ணினார். அது நினைவுக்கு வந்ததும் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்தோணி எழுந்தார். மகளைப் பார்த்து, "பயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு போனை எடுத்துத் தவுக்கேயைக் கூப்பிட்டு, கார் எங்களுக்குத்தான், யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார். மேரி அண்ணி வாயைத் திறந்தார். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ சொல்ல வந்ததை மாற்றி, நல்ல கலர்தான் என்றார்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஃபாதர் வந்து மந்திரித்தார். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். போகும்போது குனிந்து பார்த்தார். டயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். வைத்தது மேரி அண்ணி. ஃபாதர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பழத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரும் தமிழர்தானே.

அந்த முதல் திங்கள் வந்தது. அந்தோணி வழக்கம்போல விடிவதற்கு முன்பே சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார். மகளைப் பார்த்துவிட்டுப் போங்களேன் என்றேன். நேரமாகிவிட்டது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. ஷெரின் ஆறேகாலுக்குப் புறப்பட்டாள். இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, தெருமுனையில் திரும்பி மறைந்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பள்ளிக்கூடத்தில் முதல் பாடத்தில் இரண்டாம் வாய்ப்பாட்டையே தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

அந்தப் பாடம் முடிந்து போனைப் பார்த்தேன். ஷெரினிடமிருந்து ஒரு குரல் செய்தி.

"ம்மா, நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன், பயப்படாதீங்க. அப்பா இன்னிக்கு சிங்கப்பூர் போகல. மாசாய்லேர்ந்து மோட்டார்ல என்கூடவே வந்தாரு. ஹெல்மெட்டுல மாதா ஸ்டிக்கர் இருக்குல்ல, அதான் கண்டுபிடிச்சேன். நான் பார்த்ததா சொல்லாதீங்க. ஆனா அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, சிக்னல் போடாம லேன் மாறுறாரு. ரெண்டு தடவ என் முன்னால குறுக்க வந்துட்டாரு. நான்தான் பிரேக் போட்டேன்."

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததால் பக்கத்து மேசை டீச்சர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மாலை, வழக்கமான நேரத்துக்கு அந்தோணி வீடு வந்தார். களைப்பாக நாற்காலியில் சாய்ந்து, "பாலத்துல இன்னிக்கு பயங்கர ஜாம்" என்றார். அப்படியா என்றேன். தேநீர் கொடுத்தேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் விடியற்காலை அவர் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் ஒரு P ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. புது லைசன்ஸ்காரர்கள் வண்டியில் ஒட்ட வேண்டிய அதே ஸ்டிக்கர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிய்க்கவில்லை. சிக்னல் போட்டு, மெதுவாகத் தெருவில் திரும்பினார்.

யார் ஒட்டியது என்று கேட்காதீர்கள். டீச்சர் கைப்பையில் ஸ்டிக்கர் இல்லாமல் இருக்குமா?