சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

அந்தப் பெட்டியின் பின்கதவை முதன்முதலாகத் திறந்தபோது உள்ளேயிருந்து பொன்னிற மினுக்கத் தூள் கொட்டியது. சித்தியின் சப்பாத்தில், சித்தப்பாவின் மீசையில், வேலைக்குப் போட்டுப் போகும் என் கறுப்புக் கோட்டில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. பாரிஸின் புறநகரான பொண்டியில், மணவறை அலங்காரம் செய்யும் அண்ணை ஒருவரின் வீட்டு முற்றத்தில் நின்றோம். காரின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற மூடிய சாமான் பெட்டி அது. இங்கே பிரான்சில் எங்கள் ஈழத்து ஆட்கள் எல்லாரும் பிரெஞ்சிலேயே றெமோர்க் என்பார்கள். பாரிஸைச் சுற்றியுள்ள மண்டபங்களுக்கெல்லாம் தூண்களையும் சிம்மாசனங்களையும் பிளாஸ்திக் வாழைக்குலைகளையும் சுமந்து திரிந்த றெமோர்க். அண்ணை பெரிய வான் வண்டி வாங்கியதும் இதற்கு வேலை இல்லாமல் போயிற்று. நான் எட்டிப் பார்த்தேன். வாடாத துணிப் பூமாலை ஒன்று, உடைந்த தூண் ஒன்று, மற்றபடி இருட்டும் குளிரும்தான். "இதுக்குள்ள படுக்கலாம்," என்றார் சித்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஏறி, தூசித் தரையில் கால் நீட்டிப் படுத்தே காட்டிவிட்டார்.

சித்தி ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் சட்டை தைப்பவர். சித்தப்பாவுக்கு ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் அவர்களுடைய இரண்டறை வீட்டுக்கு வராத சொந்தக்காரர் இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், விசா அலுவலாக வந்தவர்கள், மனைவியோடு கோபித்துக்கொண்டு வந்தவர்கள் என்று அந்த வீட்டுச் சோபாவில் எப்போதும் யாராவது படுத்திருப்பார்கள். படிக்கிற காலத்தில் நானும் அதில்தான் கிடந்தேன். "இந்த வீட்டுக்குக் கதவு என்னத்துக்கு? ஒரு சீலையைத் தொங்கவிட்டால் காணும்," என்று சித்தி அடிக்கடி சொல்வார். சொல்லிக்கொண்டே இன்னொரு சுண்டு அரிசியைப் பானையில் போடுவார். கோபத்தில் சொல்கிறாரா பகிடிக்குச் சொல்கிறாரா என்று அந்த வயதில் நான் யோசித்ததே கிடையாது. எனக்குப் பசித்தது, சோறு இருந்தது, அவ்வளவுதான்.

விடுமுறைக்கும் அவர்கள் போகாமல் இல்லை. லண்டனில் கல்யாணம், ஜேர்மனியில் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, சுவிஸில் புதுவீடு குடிபூரல். போகிற இடத்தில் மண்டபம், பிறகு யாருடையதோ வீட்டுக் குசினி, பிறகு யாருடையதோ வீட்டுச் சோபா. ஐரோப்பாவை இப்படிச் சுற்றியவர்கள் எங்களில் எத்தனையோ பேர். ஒருநாள் தையல் மெசினை நிறுத்திவிட்டுச் சித்தி என்னிடம் சொன்னார்: "பிள்ளை, எனக்கு ஒரு கிழமை ஒரு கடற்கரையிலை இருக்க வேணும். அந்த ஊரிலை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இருக்கக்கூடாது. நான் ஒருத்தருக்கும் சமைக்கக்கூடாது." ஹோட்டலில் அறை எடுத்தால் போயிற்று என்றேன். சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீடு இருக்கேக்கை ஹோட்டலிலை நிண்டவையாம் எண்டு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவினம். சொந்த வீட்டோட போய் நிண்டால் ஆர் என்ன சொல்லுறது?" அப்படித்தான் நாங்கள் அந்த மினுக்கத் தூளின் முன்னால் வந்து நின்றோம்.

மார்கழியில் எங்களுக்குக் கல்யாணம் இல்லை. மணவறை அண்ணைக்கும் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் பொண்டிக்குப் போய், அவருடைய முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினோம். நான் இணையத்தில் கண்டதையெல்லாம் பார்த்துத் தலையை நிரப்பிக்கொண்டு போவேன். சுவருக்குள் குளிர் தடுக்கும் பலகை ஒட்ட வேண்டும், ஈரம் கட்டாமல் காற்றோட்டம் வைக்க வேண்டும், உள்ளே போடுகிற தளபாடம் எல்லாம் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருந்தால் வண்டிப் பதிவுக் கடதாசிச் சோலி குறைவு என்று நான் ஒவ்வொன்றாக ஒப்புவிக்க, அண்ணை, "ஓம் தங்கச்சி, ஓம்," என்றபடி தன் பாட்டுக்கு மரம் அரிந்துகொண்டிருப்பார். ஒரு மணித்தியாலத்தில் கோபுரம் எழுப்பி மறுநாள் காலை கழற்றி அடுக்குகிற மனிதருக்குக் கழற்றிப் பூட்டுவதை நான் படிப்பிக்கப் போயிருக்கிறேன்!

பிறகு யன்னல் வெட்டும் நாள் வந்தது. கைவிடப்பட்ட பழைய கரவன் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய யன்னல் கிடைத்திருந்தது. சித்தி தையல் நாடாவால் அளந்து, தையல் சோக்கால் தகரத்தில் கோடு போட்டார். அளந்ததைத் திரும்ப அளந்தார், அழித்தார், மறுபடி கீறினார். "துணி எண்டால் ஒட்டுப் போடலாம். இதுக்கு என்ன செய்யிறது?" என்று புலம்பினார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணை தகரம் வெட்டும் வாளை வைத்து அழுத்த, தகரம் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிற்று. துண்டு கழன்று விழுந்ததும் உள்ளே வெளிச்சம் பாய்ந்தது. அடேயப்பா, எங்களுக்கு வந்த புளுகமும் சந்தோசமும்! அண்ணையின் வீட்டு மதிலும் குப்பைத் தொட்டியும்தான் யன்னலால் தெரிந்தன. அதை நாங்கள் நாலு பேரும் முறைவைத்து, உள்ளே போய் நின்று நின்று பார்த்தோம்.

அதன்பிறகு எங்களைப் பிடிக்க ஆள் இல்லை. கட்டில் வந்தது, அதற்குக் கீழே சாமான் வைக்க இழுப்பு லாச்சிகள் வந்தன. பின்கதவைத் திறந்தால் வெளியே இழுபடுகிற குசினி மேசையைச் சித்தப்பா தன் உணவகத்துக் கணக்குப்படி செய்வித்தார். நின்ற இடத்தில் நின்றே அடுப்பு, கத்தி, தண்ணீர் எல்லாம் கைக்கு எட்ட வேண்டுமாம். அண்ணை, மிச்சம் கிடந்த சிவப்பும் பொன்னுமான மணவறைத் துணியைக் கொண்டுவந்து, சுவருக்கு அடித்தால் எடுப்பாக இருக்கும் என்றார். "கலியாணம் எனக்கு ஒருக்காக் காணும் அண்ணை," என்று சித்தி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளிர்நீலத்தில் திரை தைத்தார். ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. கட்டிலுக்கு எதிரே ஒரு நீட்டு மர இருக்கை, வாங்கு, போட வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். "இஞ்சாரும், ஆராவது வந்தால் படுக்க ஒரு இடம் வேணுமெல்லே?" சித்தி கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "ஆர் வாறது? கடற்கரையிலை ஆர் வரப்போறது?" சித்தப்பா நல்ல மனிதர். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது, வாயில் எதுவும் நிற்கவும் நிற்காது. கடைசியில் வாங்கு வந்தது. கழற்றக்கூடிய வாங்கு.

புறப்படுகிற நாளுக்கு ஐயரிடம் கேட்டு நல்ல நேரம் பார்த்தார்கள். அங்கேதான் பிழைத்தது. நல்ல நேரம் பார்த்தால் வழியனுப்ப ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், கேட்டால் சித்தப்பா சொல்லுவார். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பேலில் பாதிப் பேர் கையசைக்க அந்த றெமோர்க் புறப்பட்டது. போர்தோவுக்கு அங்காலே ஒரு கடற்கரை என்று எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. அவர்கள் வழியில் ஓர்லியான் நகரைக்கூடத் தாண்டவில்லை, சித்தப்பாவின் தொலைபேசி அடித்தது. போர்தோவில் அவருக்கு மச்சான் முறையான ஒருவர் இருந்தார். "என்ன மச்சான், எங்கட வாசலைத் தாண்டிப் போறதாக் கேள்வி?"

ஒரு நேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியவர்கள்தான். அந்தக் கிழமை முழுக்க றெமோர்க் மச்சான் வீட்டு முற்றத்தில் நின்றது. சித்தி நண்டுக்கறி வைத்தார், புட்டு அவித்தார், பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இடியப்பம் பிழிந்தார். வெளிர்நீலத் திரைக்குள்ளே மச்சானின் பெடியள் வாங்கில் ஒருவன், கட்டிலில் இருவர் என்று படுத்தார்கள். சித்தியும் சித்தப்பாவும் படுத்தது வீட்டுக்குள்ளே, சோபாவில். கடல் அங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டம்தான். ஒருநாளும் போக நேரம் கிடைக்கவில்லை. திரும்பி வந்த சித்தியைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு அழுதார். மச்சான் குடும்பத்தை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "அவையள் பாவம், அன்பாலைதான். எனக்குத்தான் விசர்," என்றார். எத்தனை வருடமாக அந்தச் சோபாவில் படுத்தெழும்பியவள் நான், அன்றைக்குத்தான் சித்தி அழுது பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு ஒரு கடல் கிடைத்தே ஆகவேண்டும் என்று எனக்கு வைராக்கியமே வந்துவிட்டது.

அடுத்த கோடையில் ஒருநாள் சித்தி என் வேலைத்தலத்துக்கே அழைத்தார். "பிள்ளை, செவ்வாய்க்கிழமை மத்தியானம் லீவு எடுப்பியே?" குரலில் ஒரு துள்ளல். நான் பொண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தி றெமோர்க்குக்குள்ளே குந்தியிருந்து வாங்கின் மரையாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றப் பக்கத்து மரையாணிகளைப் பிடித்தேன். வாங்கை இரண்டு பேரும் தூக்கி அண்ணையின் கார் விடும் கராச்சில் சாத்தினோம். உள்ளே இப்போது இரண்டு பேருக்கு மட்டும் இடம். நேரத்தைப் பார்த்தேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சித்தி, செவ்வாய்க்கிழமை! அதுவும் ராகுகாலம்!" சித்தி முகத்தில் அப்படியொரு கள்ளச் சிரிப்பை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. "அதுதான் பிள்ளை. செவ்வாய்க்கிழமை ராகுகாலத்திலை வெளிக்கிடுவினம் எண்டு எங்கட ஆக்களிலை ஆரும் நினைப்பினமோ? ஒருத்தருக்கும் மூக்கிலை வேர்க்காது."

சித்தப்பாவுக்கும் எதுவும் தெரியாது. வேலை முடிந்து நேரே பொண்டிக்கு வந்தவரைச் சித்தி காரில் ஏறச் சொன்னார், ஏறினார். "எங்கையப்பா போறம்?" என்றார். "நான் திரும்பு எண்டால் திரும்புங்கோ," என்றார் சித்தி. மடியில் விரித்த கடதாசி வரைபடம். பிறகு அவருடைய மேற்சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தொலைபேசியை எடுத்து, நிறுத்தி, அரிசி போட்ட தகரப் பேணிக்குள் புதைத்து மூடினார். சித்தப்பா பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டியறிங்கைப் பிடித்தார். எலுமிச்சம்பழம் இல்லை, தேங்காய் இல்லை, கையசைக்க நானும் மணவறை அண்ணையும் மட்டும்தான். தெரு முனையில் றெமோர்க் திரும்பி மறையும்வரை நான் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு நின்றேன். அண்ணை, "கடவுளே, ராகுகாலம்," என்று தாடையைத் தடவினார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாளே தொடங்கிவிட்டது. சித்தப்பாவின் போன் வேலை செய்யவில்லையே, சித்தியும் எடுக்கவில்லையே, வீட்டில் ஆள் இல்லையே, ஏதும் சுகமில்லையோ என்று எல்லாரும் எனக்கு எடுத்தார்கள். நான் ஒன்றும் தெரியாது என்றேன். உண்மையில் எந்தக் கடல் என்று எனக்கும் தெரியாதே! மூன்றாம் நாள் வேலை முடிந்து மெட்ரோப் படியால் இறங்கிக்கொண்டிருந்தபோது சித்தி எடுத்தார். பின்னால் அலைச் சத்தம், பேச்சை மூடும் அளவுக்குக் காற்று. "எங்கை சித்தி நிக்கிறியள்?" என்று கத்தினேன். "சொல்லமாட்டன்." "எனக்குமோ?" "உனக்கும்தான்." பிறகு காற்றுக்கு மேலால் குரலை உயர்த்தினார். "பிள்ளை, இப்பதான் எழும்பினனான். பின்னேரமாப் போச்சுது. மத்தியானத்துக்கு ஒண்டும் சமைக்கேல்லை. ஒருத்தரும் பசிக்குது எண்டு சொல்லேல்லை. யன்னலைத் திறந்தால் தண்ணி, பிள்ளை. வேறை ஒண்டும் இல்லை, தண்ணிதான்." படியில் நின்ற என்னை இடித்துக்கொண்டு சனம் இறங்கிப் போனது. எனக்குக் கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது, துடைக்கக் கை போகவில்லை.

இப்போது ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் போகிறார்கள். சோபாவில் இப்போதும் யாராவது படுத்திருக்கத்தான் செய்கிறார்கள். இன்னொரு சுண்டு அரிசியைச் சித்தி முணுமுணுக்காமலே போடுகிறார். போகிற ஊரின் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. இந்த வருடம் தையில் ஒரு கல்யாணம். பந்தியில் சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் போர்தோ மச்சான். சித்தி வடைத் தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். மச்சான் சுற்றிலும் இருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று உரத்த குரலில் தொடங்கினார். "மச்சான், உண்மையைச் சொல்லும். எந்தக் கடலுக்குப் போறனீர்?" பேச்செல்லாம் நின்று எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். சித்தப்பா சாப்பாட்டில் இருந்து தலையை நிமிர்த்தினார். வாய் திறந்தது. ஐயோ, போச்சு என்று நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"உப்புக் கடலுக்கு," என்றார் சித்தப்பா.

சித்தி அவருடைய இலையில் இரண்டு வடை வைத்தார்.