சுப்பம்மா நடந்த நடை

அடையாறில் அந்தக் கம்பெனிக்கு ஊழியர் உடல்நலம் பற்றித் திடீரென்று கவலை வந்தது. ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். 'வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளத் தயாரா?' என்ற கேள்விக்கு மேலாளர் கதிரேசன் 'முழுமையாகத் தயார்' என்று டிக் அடித்துவிட்டு இரண்டாவது வடையை எடுத்தார்.

சுப்பம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று மாடியும் கூட்டித் துடைத்து டீ கொடுப்பவள் அவள். ஆற்றோரக் குடிசையைப் பிடுங்கி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்ட நாள் முதல் இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஒரு மாதமாகப் படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது.

"என் பேரையும் எய்திக்கோம்மா, டெஸ்ட்டு எடுக்கிறாங்களாமே" என்று படிவம் வாங்கும் சிந்துவிடம் கேட்டாள்.

"நீங்க கான்ட்ராக்ட் ஆளு அக்கா, லிஸ்ட்ல வராது."

கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் நெஞ்சு உண்டென்று கம்பெனிக்குத் தெரியாது போலும்.

பிறகு எல்லார் கையிலும் அடி எண்ணும் வாட்ச் கட்டினார்கள். தினம் பத்தாயிரம் அடி, முதலிடத்துக்குக் கேடயம். மூன்றாம் நாளே கதிரேசனின் வாட்ச் சுப்பம்மா கைக்கு மாறியது. "நீ எப்படியும் நடக்கத்தானே போற" என்றார். முதலிடத்துக்கும் வந்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். சுப்பம்மாவும் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்.

இரண்டாம் வாரம் கம்பெனி டாக்டர் பதறிப்போய் போன் செய்தார். கதிரேசனின் இதயம் தாறுமாறாகத் துடிப்பதாக வாட்ச் காட்டுகிறதாம். கார் வந்தது. இரண்டு நாள் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. மனிதர் லட்டு டப்பாவோடு திரும்பி வந்தார்.

"சார், வாட்ச்சு என் கையிலதானே இருந்திச்சு?" என்றாள் சுப்பம்மா.

"அதெல்லாம் மெஷின் கோளாறும்மா. புதுசு குடுத்திருக்காங்க, கட்டிக்கோ."

அவருக்குப் புரியாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சுப்பம்மாவின் போன் அடித்தது.

"என்னம்மா, எட்டு மணியிலேர்ந்து ரெண்டாயிரம் அடியிலயே நிக்குது? நான் ஒம்பதாவது இடத்துக்கு வந்துட்டேன்!"

"ராயப்பேட்ட ஆஸ்பத்திரில சீட்டு வாங்கினு குந்திகினு கீறேன் சார். உன் வாட்ச்சு காட்டுச்சே, அது இன்னான்னு பாக்கத்தான்."

"உக்காந்தா இருக்க? கூப்பிடற வரைக்கும் அங்கயே கொஞ்சம் நடந்துக்கிட்டு இருக்கலாமே!"

சுப்பம்மா போனை அணைத்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். கூப்பிடும்வரை ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.