உப்புத் தண்ணீர் ஊசி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா நாற்பத்து நான்கில் மாரடைப்பில் போனார். அண்ணன் அதுவரைகூடத் தாங்கவில்லை. பரம்பரைச் சொத்து என்று ஒரு செங்கல்கூட இல்லாத குடும்பத்தில், ரத்தக் கொழுப்பு மட்டும் தவறாமல் கைமாறியது. பன்னிரண்டு வயது மகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

மாத்திரை அவரிடம் பாதிதான் பலித்தது. அதனால் புது மருந்து ஆராய்ச்சி ஒன்றில் சேர்ந்தார். கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுக்கும் ஈரலின் கைகளை ஒரு புரதம் ஒடித்துப் போடுகிறதாம்; அந்தப் புரதத்தை அடக்க ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடும் நர்ஸுக்கே தெரியாது. தெரிந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பதால், ஒன்றரை வருஷம் முடியும்வரை வெளியே கொழுப்பைப் பரிசோதிக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

மனுஷன் எட்டு மாதம்தான் பொறுத்தார். வேலைக்குப் போகிற வழியில் ஒரு லேபில் கையை நீட்டிவிட்டார். முடிவைப் பார்த்தார். கொழுப்பு துளிகூட இறங்கவில்லை. அப்படியென்றால் தண்ணீர்தான்.

மனைவி காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "விட்டுட்டு வந்துடுங்க. இன்னும் பத்து மாசம் தண்ணியக் குத்திக்கிட்டு இருப்பீங்களா? அதுக்குள்ள உங்களுக்கு..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெளிய வந்தா மட்டும் எனக்கு எந்த மருந்து காத்திருக்கு? முடிஞ்சதும் எல்லாருக்கும் நிஜ ஊசின்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ வாயத் திறக்காதீங்க. தெரிஞ்சா துரத்திடுவாங்க."

மறுநாள் ஊசிக்குப் போனபோது நர்ஸ் வழக்கமான கேள்விகளை வாசித்தாள். கடைசிக் கேள்வி வந்தது. "வெளிய எங்கேயாவது ரத்த டெஸ்ட் பண்ணீங்களாண்ணே?"

'இல்லை' என்று சொன்னால் ஒரு டிக்கோடு முடிந்துவிடும். ஆனால் இருபது வருஷத்தில் லிஃப்ட் பிரேக்கைச் சோதிக்காமல் எந்தத் தாளிலும் 'சரி' என்று எழுதாதவர் அவர். இந்தத் தாள்களை நம்பித்தானே நாளைக்கு மகளுக்கு ஊசி போடுவார்கள்?

"பண்ணேம்மா."

நர்ஸ் எழுந்து டாக்டரிடம் ஓடினாள். மூடிய கதவையே அவர் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரே வெளியே வந்தார்.

"இதைக் குறிச்சு மேலே அனுப்பியாச்சு. நீங்க இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா உங்க ஊசியில என்ன இருக்குன்னு இப்பவும் சொல்ல மாட்டோம். விலகணும்னாலும் விலகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். "போடச் சொல்லுங்க டாக்டர். ஒப்பிட்டுப் பாக்க, தண்ணி ஊசி போட்டுக்கவும் ஆள் வேணுமில்ல? அப்பத்தானே என் பொண்ணுக்கு மருந்து வரும்."