இருமல் காரும் அச்சிமுகம்மது காக்காவும்

சாய்ந்தமருது அச்சிமுகம்மது காக்காவின் மொறிஸ் மைனர், முப்பத்தேழு வருடமாக நடுறோட்டில் ஒருநாளும் நின்றதில்லை. இது அவரே சொல்லும் கணக்கு. மறுத்துப் பேச அவர் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை.

1958இல் கப்பலில் வந்த கார். முதலில் பதுளையில் ஒரு தோட்டத்து டாக்டரிடம் இருந்தது, பிறகு கல்முனையில் ஞானரட்ணம் வாத்தியாரிடம். வாத்தியாருக்குக் கண் மங்கி, ஒரே மதகில் இரண்டு தரம் ஏற்றிய பிறகு எண்பத்தாறில் காக்கா வாங்கினார். அன்றிலிருந்து கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் தொழில். சுனாமியன்று கார் அம்பாறையில் ஒரு மாப்பிள்ளையோடு நின்றது. வீடு போய்விட்டது. பள்ளிவாசல் மாடியில் ஏறித் தப்பிய மனைவி றபீக்காவைத் தேடிப் பிடித்து அவர் சொன்ன முதல் வார்த்தை, “காருக்கு ஒண்டுமில்ல.” றபீக்கா இதை இன்னும் மன்னிக்கவில்லை.

தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எடுக்கும் மெல்ரொய், போன வருடத்துக்கு முதல் வருடம் வீடு தேடி வந்தான்.

“அங்கிள், கிழமைக்குக் கிழமை உங்கட கார் நடுறோட்டில நிக்கணும்.”

“இது நிக்காதே, மனே.”

“அத நாங்க பாத்துக்கொள்ளுவம்.”

பிரேக் பிடிப்பதைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக் காக்கா ஓம் என்றார்.

பளபளத்த காருக்குச் சேறு பூசினார்கள். பொனெற்றுக்குள் புகை வைத்தார்கள். ‘இருமல்’ என்று பெயரும் வைத்தார்கள். கதாநாயகன் பஸால் நின்றுபோன காருக்குள் இருந்து, “ஓடுதுடா, விடுங்கடா!” என்று கத்த, ஊரே தள்ளும், அதுதான் பகிடி. முதல் நிகழ்ச்சியைப் பார்க்கக் காக்கா ஒழுங்கைச் சனம் முழுவதையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். இருபத்திரண்டு நிமிடத்தில் கார் நாலு தரம் நின்றது. விருந்தாளிகள் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் எவரும் வரவில்லை. நாடு முழுவதும் தெரிந்த காராகிவிட்டது. ஆனால் ஏறத்தான் ஆளில்லை.

ஒருநாள் திருக்கோவில் பக்கம் படப்பிடிப்பு. மதியம் பஸாலைக் குளவி கொட்டியது. முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. குழுவின் குளிரூட்டிய வான் சோத்துப் பார்சல் எடுக்கப் போயிருந்தது. மெல்ரொய் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காக்கா பஸாலைத் தூக்கிப் பின்சீற்றில் போட்டு, அக்கரைப்பற்றுக்குக் காரை விட்டார். சேறு பூசிய கார் அப்படிப் பறந்ததை எந்தக் கமராவும் எடுக்கவில்லை.

அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் சனம் கண்டுவிட்டது. “டேய், இருமல்!”

இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். பஸாலின் முகத்தைப் பார்த்து, “என்ன மேக்கப் மச்சான்!” என்று கை தட்டினார்கள். பின்னால் தள்ளவும் தொடங்கிவிட்டார்கள்.

“ஓடுதுடா, விடுங்கடா!” என்று காக்கா உயிர் போகக் கத்தினார். சிரிப்பு இரண்டு மடங்காகியது.

முன்னால் பஸ், பக்கத்தில் ஓட்டோ, பின்னால் ரசிகர்கள். பின்சீற்றில் பஸாலின் மூச்சுச் சத்தம் குறைந்துகொண்டே போனது. காக்கா கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

“சரி, தள்ளுங்க! ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளுங்க!”

அவ்வளவுதான். பஸ்ஸை ஒதுக்கினார்கள், ஓட்டோக்களை விரட்டினார்கள், பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே வழி விட்டார். ஊசி நேரத்துக்கு ஏறியது. பஸால் பிழைத்தான்.

அன்று பின்னேரமே போன்களில் வீடியோ பரவியது: ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் நின்றுவிட்ட இருமல் கார்! சனத்தின் கூச்சலுக்குள்ளும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததற்குச் சாட்சி பஸால் ஒருவன்தான். சுகமாகி, பழக்கூடையோடு வந்த அவனிடம், எஞ்சின் சத்தம் கேட்டதுதானே என்று காக்கா ஆசையாகக் கேட்டார். அவனோ நேர்மையாக, “எனக்கு ஒண்டுமே கேக்கல்ல காக்கா” என்றான்.

“பொடியன் உயிரோட இருக்கான். அது காணாதா? அதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் றபீக்கா.

காக்கா கொஞ்சம் யோசித்தார். “காணும்” என்றார்.

இப்போது மறுபடி கல்யாணங்கள் வருகின்றன. வீடியோவைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் கூட்டாளிமார் காரைத் தள்ளிக்கொண்டே போக ஆசைப்படுகிறார்கள். காக்கா மறுப்பதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்ரியரிங்கை மட்டும் பிடித்திருக்கிறார். பெற்றோல் விற்கிற விலைக்கு, இப்படியொரு கார் யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறார்.