பேனல் போர்டு முன்னால் எடுத்த போட்டோ

ஊரில் அவருக்குக் ‘கரண்டு’ என்றுதான் பெயர். ஃபியூஸ் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டினாலும் சரி, “கரண்டைக் கூப்பிடு” என்பார்கள். விசாவிலும் எலக்ட்ரீஷியன் என்றுதான் அச்சடித்திருந்தது. அச்சடித்து என்ன பிரயோஜனம்? வெளிநாட்டில் வந்து இறங்கிய மறுநாளே கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

மேலே எத்தனை வார்டு உண்டோ அத்தனை வார்டு அழுக்கும் அங்கேதான் வந்து விழும். ரத்தம் பட்ட விரிப்பு சிவப்புப் பையில், மற்றது வெள்ளைப் பையில். பிரிக்க வேண்டும், உதற வேண்டும், ஊசி கீசி கிடக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து யாருடைய பல்செட்டோ வந்து விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? ஒருநாள் வாஷிங் மெஷின் ஒன்று முனகிக்கொண்டு நின்றுபோனது. இவர் யாரையும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தார், கழன்றிருந்த வயரை முறுக்கினார், மெஷின் ஓடியது. பாராட்டுவார்கள் என்று பார்த்தால், சூப்பர்வைசர் ஒரு தாளோடு ஓடி வந்தான். வாயைத் திறந்து பேசவே மாட்டான், எல்லாவற்றுக்கும் விசில்தான். ஆட்கள் அவனை ‘விசில்’ என்றே கூப்பிட்டார்கள். தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். இன்னொரு தடவை வயரில் கை வைத்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அதில் எழுதியிருந்ததாம். அழுக்கைத் தொடலாம், வயரைத் தொடக்கூடாது. நல்ல நியாயம் போங்கள்!

இதை அப்போதே பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை. மாமனார் வீட்டில் மாப்பிள்ளை கெத்து என்று ஒன்று இருக்கிறதே, அது நாக்கைப் பிடித்துக்கொண்டது. “வேலை எப்படிங்க? ஒரு போட்டோ அனுப்புங்களேன்” என்று அவள் கேட்டபோது, நடைபாதைக் கோடியில், கட்டடம் முழுக்கக் கரண்டு பிரித்துவிடும் பேனல் போர்டு முன்னால் போய் நின்றார். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், மண்டையோட்டுப் படம் வேறு போட்டிருக்கும். சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு பக்கத்து ஆளிடம் போனைக் கொடுத்து எடுத்துக்கொண்டார். அனுப்பினார்.

அவ்வளவுதான், வினை ஆரம்பித்தது. அவள் அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். மாமனார் டீக்கடையில் போனை ஆள் ஆளுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தார். எல்லோரையும் விட அதை உற்றுப் பார்த்தவன் மச்சினன். சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன், தொழில் தெரிந்தவன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எவ்ளோ பெரிய போர்டு மாமா! நானும் வந்துடறேன்” என்றான்.

அதைக் கேட்டதிலிருந்து இவர், எட்டுப் பேர் படுக்கும் அறையில், இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் மல்லாந்து கிடந்து, என்ன சொல்லி அவனைத் தடுப்பது என்றே யோசித்தார். கடைசியில் அதே கம்பெனியிலேயே அவனுக்கும் விசா வந்துவிட்டது என்று சொல்ல வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு, மொத்தக் குடும்பமும் சுற்றி உட்கார்ந்திருந்தது.

“மச்சான், அவசரப்படாத. இங்க வேலை ரொம்பக் கஷ்டம். கடைதான் நல்லா ஓடுதே?”

மாமனார் குரல் குறுக்கிட்டது. “ஏன் மாப்பிள்ளை, எம் பையன் முன்னுக்கு வந்தா உங்களுக்கு ஆகாதா?”

“ஐயோ, அப்படி இல்ல மாமா.”

“எந்தம்பின்னா மட்டும் ஏங்க உங்களுக்கு இப்படி?” என்றாள் பெண்டாட்டி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

நான் இங்கே அழுக்குத் துணி பிரிக்கிறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். மாமனார் இருமினார். “சரி, வரட்டும்” என்றார் இவர்.

அவனையாவது வேறு இடத்துக்கு அனுப்பிவிட மாட்டார்களா என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டார். எந்தச் சாமியும் காது கொடுக்கவில்லை. ஒரு காலையில் புது ஆட்கள் நாலு பேரை விசில் ஓட்டிக்கொண்டு வந்தான். மூன்றாவது ஆள் மச்சினன். இவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை. இவர் முழங்கை வரை சிவப்புப் பைக்குள் விட்டிருந்தார்.

“மாமா?” என்றான். விசில் ஊதியதும் பக்கத்து மேஜையில் போய் நின்றான்.

நாலு நாள் அவன் முகம் கொடுக்கவில்லை. அவன் கட்டில் இவருக்கு நேர் கீழே. புரண்டால் சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் கிடையாது. ஐந்தாம் நாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

“கடையக் காலி பண்ணிட்டு வந்துருக்கேன் மாமா. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“கஷ்டம்னு சொன்னேனே மச்சான்.”

“கஷ்டம்னு சொன்னீங்க. இந்த வேலைன்னு சொன்னீங்களா?”

அவர் குனிந்து, இல்லாத தூசியைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றார். திட்டிவிட்டாலும் தேவலை, கன்னத்தில் ஒன்று வைத்தாலும் தேவலை என்றிருந்தது. அவன் செய்யவில்லை. குழாய்த் தண்ணீரைத் தொட்டுத் தலையைக் கோதிக்கொண்டான்.

“அந்த போர்டு எங்க இருக்கு?”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மச்சினன் அதை மேலும் கீழும் பார்த்தான், தொடவில்லை. கையை நீட்டி இவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டான். போனை இவர் கையில் கொடுத்தான். ஓரத்தில் நின்ற அழுக்குத் துணி வண்டியைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றான்.

“எடுங்க மாமா. அப்பா காத்துக்கிட்டிருக்காரு.”

பார்க்காமலே அமுக்கியதில் முதல் படம் கலங்கிப்போனது.

“இன்னொண்ணு எடுங்க” என்றான் மச்சினன், சிரித்த முகம் மாறாமல். எடுத்தார்.